வேலைப் பட்டியல் போதாதாம், ஜர்னலில் வேறென்ன எழுதுவது?

கேள்வி: நான் குடியாத்தத்திலிருந்து தினமும் ரயிலில் காட்பாடி வந்து கிராஃபிக் டிசைன் படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு. இந்த செமஸ்டரில் புராஜெக்ட்டோடு சேர்த்து செய்ததைத் திரும்பிப் பார்த்து யோசித்து எழுதும் ‘ரிஃப்ளெக்டிவ் ஜர்னல்’ ஒன்றும் எழுதித் தர வேண்டும், அதற்குத் தனி மதிப்பெண். அம்மனின் சிரசை ஊர்வலமாகக் கொண்டுவரும் எங்கள் ஊர் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு ஒரு போஸ்டர் என்பது என் புராஜெக்ட். ஒவ்வொரு நாளும் என்ன செய்தேன் என்று ஒழுங்காக எழுதிக் கொடுத்தேன். “இது வேலைப் பட்டியல். நீ யோசித்தது எங்கே?” என்று மேடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தால் யோசனையே வருவதில்லை. மனதில் பட்டதை எல்லாம் எழுத வெட்கமாகவும் இருக்கிறது. தோழிகள் சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிவிடுகிறார்கள். எனக்கோ ஆறு வாரத்தில் நான்கு வாரம் காலி. மூன்று வாரத்தில் ரிவ்யூ. டிசைன் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு டைரி எதற்கு?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நான்கு பக்கத்தையும் படித்தேன். கடைசிக் கேள்வியில் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அது நியாயமான கோபம்தான். எழுதச் சொல்கிறவர்கள் பல நேரம் எதற்கு எழுத வேண்டும் என்று சொல்வதில்லை. தலைப்புகள் அச்சடித்த ஒரு படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நான் காட்பாடி காந்தி நகரில் சின்னதாக ஒரு டிசைன் அலுவலகம் நடத்துகிறேன், 17 வருடமாகிறது. என் மேஜைக்குக் கீழே இருக்கும் பெட்டியில் 23 நோட்டுகள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியும் அவற்றை எழுதச் சொல்லவில்லை. தொழிலில் அடிபட்ட பிறகு நானாகத் தொடங்கியது. அதனால் மதிப்பெண்ணை ஒரு ஓரமாக வைத்துவிட்டு, முதலில் உங்கள் பக்கங்களைப் பார்ப்போம்.

நீங்கள் எழுதியிருப்பது இப்படி: “திங்கள்: நான்கு ரஃப் வரைந்தேன். செவ்வாய்: கலர் மாற்றினேன். சிவப்பு வைத்தேன். நன்றாக இருந்தது. புதன்: ஃபான்ட் மாற்றினேன். வியாழன்: மேடமிடம் காட்டினேன். திருத்தம் சொன்னார். திருத்தினேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது, அது வெளியே வரவேயில்லை. “சிவப்பு வைத்தேன், நன்றாக இருந்தது” என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் என்ன நிறம் இருந்தது? அதை ஏன் எடுத்தீர்கள்? எது குங்குமச் சிவப்பு, எது தீயணைப்பு வண்டிச் சிவப்பு என்று யோசித்தீர்களா? ‘நன்றாக’ என்றால் யாருக்கு, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால்? லேப்டாப் திரையிலா, சுவரில் ஒட்டினாலா? இத்தனையும் செவ்வாய்க்கிழமை உங்கள் தலைக்குள் ஓடியிருக்கும். ஓடாமல் யாரும் நிறத்தை மாற்ற மாட்டார்கள். புதன்கிழமை காலையில் அது மறந்துவிட்டது, நிறம் மட்டும் கோப்பில் மிச்சம். மேடம் தேடியது அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான்.

நீங்கள் நினைத்ததை நான் எழுத முடியாது. ஒரு மாதிரிக்கு, நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் முதல் நாள் எப்படி எழுதியிருப்பேன் என்று பாருங்கள்:

“நான்கு ரஃப்பிலும் அம்மன் முகத்தையே நடுவில் வைத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டுப் பார்த்தேன். சின்ன வயதிலிருந்து பார்த்த பிளக்ஸ் எல்லாம் அப்படித்தான் இருந்தது, வேறு காரணம் தெரியவில்லை. ஆனால் வைகாசி முதல் நாள் திருவிழா என்றால் எனக்கு ஞாபகம் வருவது முகம் இல்லை. அப்பா தோளில் உட்கார்ந்திருக்கிறேன், எங்கே பார்த்தாலும் தலைகள், அந்தத் தலைகளுக்கு மேலே சிரசு மிதந்து வருகிறது. ஐந்தாவது ரஃப்பில் கீழ் முக்கால் பாகத்தைக் கூட்டத்துக்குக் கொடுத்து, மேலே சின்னதாகச் சிரசை வைத்தேன். இது பிடித்திருக்கிறது. ஒரு பயமும் இருக்கிறது: அம்மனைச் சின்னதாகப் போட்டால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்களோ? பாட்டியிடம் காட்டிக் கேட்க வேண்டும்.”

எட்டு வரிதான், எழுத பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் அதற்குள் உங்களுக்கு ஒரு பழக்கம் இருப்பது தெரிந்துவிட்டது, அதை எங்கிருந்து வாங்கினீர்கள் என்று தெரிந்துவிட்டது, உங்களுடையது என்று சொல்லக்கூடிய ஒரு காட்சி கிடைத்துவிட்டது, அடுத்து யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் வந்துவிட்டது. டிசைன் கற்றுக்கொள்ள டைரி எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான். ஐந்தாவது ரஃப் எழுதியதால் வந்த ரஃப்.

இதைப் பற்றி யோசித்து எழுதியவர்களில் முக்கியமானவர் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்கர். கட்டடக் கலைஞர்கள், மனநல மருத்துவர்கள், பொறியாளர்கள் எல்லாம் வேலை செய்யும்போது எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனித்து 1983-ல் எழுதினார். அவர் இரண்டு வகை யோசனையைப் பிரித்துக் காட்டினார். கை ஓடிக்கொண்டிருக்கும்போதே ‘இது சரியாக வரவில்லையே’ என்று உணர்ந்து அங்கேயே மாற்றுவது ஒன்று. வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ‘ஏன் அப்படிச் செய்தேன்’ என்று பார்ப்பது இன்னொன்று. கோலம் போடுகிறவர்களைப் பாருங்கள். புள்ளி ஒன்று தள்ளிப்போனால் அழிப்பதில்லை, அந்த வளைவையே கொஞ்சம் பெரிதாக்கிச் சமாளிக்கிறார்கள். அது முதல் வகை. ஜர்னல் இந்த முதல் வகையைப் பிடித்துவைத்தால்தான் இரண்டாவது வகைக்கு ஏதாவது மிஞ்சும். இல்லாவிட்டால் சனிக்கிழமை ராத்திரி வெறும் ஞாபகத்தை வைத்துக்கொண்டு கற்பனை செய்வோம்.

உங்கள் கல்லூரி கொடுத்திருக்கும் படிவத்தில் ஆறு தலைப்பு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: என்ன நடந்தது, என்ன உணர்ந்தேன், எது நன்றாக அமைந்தது எது அமையவில்லை என்ற மதிப்பீடு, ஏன் என்ற அலசல், முடிவு, அடுத்த முறைக்கான திட்டம். அது கிரஹாம் கிப்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 1988-ல் வெளியிட்ட சுற்று. செவிலியர் படிப்பு, ஆசிரியர் படிப்பு எல்லாவற்றிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் தினமும் ஆறு கட்டத்தையும் நிரப்ப உட்கார்ந்தால் மூன்றாம் நாளே ஒரே வரி திரும்பத் திரும்ப வரும். என் யோசனை: ஒரு புராஜெக்ட்டில் ஒரு முறை, அதிகம் போனால் இரண்டு முறை, பெரிய திருப்பம் வந்த இடத்துக்கு மட்டும் ஆறு தலைப்பிலும் எழுதுங்கள். மேடம் திருப்பிக் கொடுத்த நாள் அதற்குப் பொருத்தமான நாள். மற்ற நாளெல்லாம் நான் மேலே காட்டிய மாதிரி எட்டு வரி போதும். படிவத்தைத்தான் தினமும் நிரப்ப வேண்டும் என்று மேடம் கண்டிப்பாகச் சொன்னால், அந்த எட்டு வரியை எழுதி முடித்துவிட்டுப் பிறகு கட்டங்களில் பிரித்துப் போடுங்கள்.

நாள் தவறாமல் எழுத வேண்டும் என்பதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கை நிற்கும்போது எழுதுங்கள். மவுஸைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போமே, அந்த நிமிடம். ஒன்றை அழிக்கப் போகிற நிமிடம். யாராவது ஒரு வார்த்தை சொல்லி அது சுருக்கென்று தைத்த நிமிடம். அந்த இடங்களில் இரண்டு வரி எழுதினால், எதுவுமே நடக்காத நாளில் எழுதும் ஒரு பக்கத்தைவிடப் பெரிய உதவி.

மற்றவர்கள் சொல்வதை எழுதுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் தொழிலில் பாதிச் சிக்கல் அங்கேதான்.

“மேடம் திருத்தம் சொன்னார்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வார்த்தையில் சொன்னார்? அந்த வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். உங்களுக்குப் புரிந்ததைப் பிறகு தனியாக எழுதிக்கொள்ளலாம். இரண்டையும் கலந்துவிட்டால் அவர் சொன்னது தொலைந்துபோய், நீங்கள் கேட்டது மட்டும் மிஞ்சும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஆற்காட்டில் மக்கன் பேடா என்ற இனிப்பு விற்கும் ஒரு கடைக்கு அட்டைப்பெட்டி செய்துகொடுத்தபோது. கடைக்காரர் நல்ல மனிதர், பொறுமையானவர். முதல் டிசைனைப் பார்த்துவிட்டு, “நல்லாதான் இருக்கு சார், ஆனா பளிச்சுன்னு இல்ல” என்றார். மஞ்சளை ஆரஞ்சாக்கினேன். மறுபடி அதையே சொன்னார். பொன்னிறத்தில் ஒரு பார்டர் போட்டேன். அப்போதும் அதையேதான் சொன்னார். பின்னணி முழுவதையும் சிவப்பாக்கிக்கொண்டு போனேன். அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் உள்ளுக்குள் எரிச்சல். அன்று ராத்திரி நோட்டைப் புரட்டினேன். அவர் சொன்ன வார்த்தையோடு அவர் என்ன செய்தார் என்பதையும் ஏனோ எழுதி வைத்திருந்தேன். மூன்று தடவையும் மாதிரிப் பெட்டியைக் கல்லாவுக்குப் பின்னால் உள்ள அலமாரியில் வைத்துவிட்டு, வெளியே இறங்கி, வாடிக்கையாளர் நிற்கும் படியில் நின்று பார்த்திருக்கிறார். அங்கிருந்து பார்த்தால் கடைப் பெயர் படிக்க முடியவில்லை. நான் போட்டிருந்தது மெல்லிய எழுத்து, அதுவும் பெட்டியின் கீழ்ப்பக்கத்தில். ‘பளிச்’ என்று அவர் சொன்னது நிறத்தை இல்லை, பெயரை. முதல் மஞ்சளுக்கே திரும்பிப் போய், பெயரைத் தடித்த எழுத்தில் மேலே ஏற்றினேன். “இததான் சார் சொன்னேன்” என்றார்.

அன்றிலிருந்து நோட்டின் கடைசிப் பக்கங்களை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். ‘எடுப்பா இல்ல’, ‘காலியா இருக்கு’, ‘கல்யாணக் களை வரல’, ‘ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு’. யார் சொன்னார், எதைப் பார்த்துச் சொன்னார், கடைசியில் எதை மாற்றியதும் ஒப்புக்கொண்டார் என்று எழுதுவேன். ‘எடுப்பா இல்ல’ என்பதற்கு என் அனுபவத்தில் மட்டும் நான்கு பொருள் இருக்கிறது. மேடம் சொன்ன திருத்தங்களையும் இப்படிச் சேர்த்துப் பாருங்கள். ஒரு செமஸ்டரில் அவர் எதைப் பார்க்கிறார் என்பது உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

அடுத்தது மொழி. தமிழில் எழுதுங்கள். தயக்கமே வேண்டாம். யோசனை எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில்தான் அதைப் பிடிக்க முடியும். ஃபான்ட், லேயர், கிரிட் என்று தொழில் வார்த்தைகள் நடுவில் வந்தால் வரட்டும், நாம் பேசுவதே அப்படித்தான். கல்லூரி இங்கிலீஷில் கேட்டால், சமர்ப்பிக்கப் போகிற பத்துப் பன்னிரண்டு பக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பிறகு இங்கிலீஷில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்ப் பக்கத்தின் படத்தையும் பக்கத்தில் வைத்து, இதுதான் அன்றைக்கு எழுதியது என்று காட்டுங்கள். நான் வெளித்தேர்வாளராகப் போன இடங்களில் அப்படி வந்த ஜர்னல்களை ஒருபோதும் குறைத்து மதிப்பிட்டதில்லை. ஆனாலும் உங்கள் மேடமிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சாட்ஜிபிடி விஷயம். தோழிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை, பயத்தில் செய்கிறார்கள். ஆனால் அந்த மென்பொருளுக்கு நீங்கள் தூக்கிப்போட்ட நான்கு ரஃப் தெரியாது, அப்பா தோள் தெரியாது, பாட்டி என்ன சொன்னார் என்று தெரியாது. அதனால் அது ‘இந்தப் புராஜெக்ட் என் படைப்பாற்றலை வளர்த்தது’ என்ற மாதிரி யாருக்கும் பொருந்துகிற வாக்கியமாக எழுதும். பத்து ஜர்னலை வரிசையாகத் திருத்துகிறவருக்கு அது இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். எனக்கு அதைவிடப் பெரிய வருத்தம், ஐந்தாவது ரஃப் வராமலே போய்விடும் என்பது. நீங்கள் எழுதியதை இங்கிலீஷாக்கும்போது இலக்கணம் பார்க்க அதைப் பயன்படுத்தலாமா என்றால், கல்லூரி அனுமதித்தால் பயன்படுத்துங்கள், பயன்படுத்தினேன் என்று ஒரு வரியும் எழுதிவிடுங்கள்.

வெட்கத்தைப் பற்றி. உணர்ச்சியை எழுதச் சொல்வதன் பொருள் மனதைத் திறந்து கொட்டுவது இல்லை. அந்த உணர்ச்சி வேலையை எப்படி மாற்றியது என்பது மட்டும் போதும். “எனக்கு அழுகை வந்தது” என்பது உங்களுடைய சொந்த விஷயம், எழுதத் தேவையில்லை. “அந்தக் கமென்ட்டுக்குப் பிறகு இரண்டு நாள் கோப்பைத் திறக்கவில்லை, மூன்றாம் நாள் திறந்தபோது பழைய லேஅவுட்டிலேயே தலைப்பை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தேன்” என்பது ஜர்னலுக்கு உரியது. வீட்டுப் பிரச்சினை, பணப் பிரச்சினை இதெல்லாம் எழுதினால்தான் மனம் ஆறும் என்றால் அதற்கு வேறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கூடப் படிப்பவர்கள் பெயரையும் எழுத வேண்டாம், ‘ஒரு தோழி சொன்னாள்’ என்றால் போதும்.

நோட்டு எப்படி வைத்துக்கொள்வது என்றும் கேட்டிருந்தீர்கள். கோடு போடாத சாதாரண நோட்டு போதும், விலை அதிகமானதை வாங்காதீர்கள். நல்ல நோட்டில் தப்பாக எழுத மனம் வராது. இடது பக்கம் ரஃப், ஒட்டிய பிரின்ட் துண்டு, நிறத்தின் எண். வலது பக்கம் எழுத்து. வலது பக்கத்தில் ஒரு ஓரத்தைக் காலியாக விடுங்கள், அதன் பயனைக் கடைசியில் சொல்கிறேன். கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘நியூ ஃபைனல்’ என்று பெயர் வைப்பதை இன்றே விட்டுவிடுங்கள். தேதியும் எண்ணும் போட்டு, அதே எண்ணை நோட்டிலும் எழுதுங்கள். குடியாத்தத்தில் ரயில் ஏறினால் லத்தேரி வருவதற்குள் ஒரு பக்கம் எழுதிவிடலாம். உட்கார இடம் கிடைக்காத நாளில் கைபேசியில் பேசிப் பதிவு செய்யுங்கள், வீட்டுக்குப் போய் அதில் உருப்படியானதை மட்டும் நோட்டில் ஏற்றுங்கள்.

தொழில்நுட்பத் தொல்லைகளையும் எழுதுங்கள். அது யோசனையில் சேராது என்று நினைக்காதீர்கள். போட்டோஷாப்பில் தமிழ் யூனிகோடு எழுத்து உடைந்து, ‘கொ’ என்பதில் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். செட்டிங்கில் எழுத்துப் பிரிவுக்குப் போய் தெற்காசிய மொழிகளுக்கான, இப்போதைய பதிப்புகளில் ‘வேர்ல்ட் ரெடி’ என்று வரும் தேர்வை மாற்றினால் சரியாகிவிடும். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைனில் பாரக்ராஃப் பேனலில் அதே பெயரில் கம்போசர் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு ராத்திரி விழித்தேன், எழுதி வைக்கவில்லை. எட்டு மாதம் கழித்துப் புதுக் கணினி வாங்கியதும் அதே பிரச்சினை, இன்னொரு ராத்திரி போயிற்று. அச்சகத்தில் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவிலேயே வேலை செய்கிறவர்களுக்கு யூனிகோடு மேட்டர் அனுப்பினால் குழம்பிப்போகும், ‘கர்வ் பண்ணி அனுப்புங்க’ என்பார்கள். கர்வ் செய்துவிட்டால், அதாவது எழுத்தை வெறும் வரைவடிவமாக மாற்றிவிட்டால், அப்புறம் ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. திருத்தக்கூடிய கோப்பைத் தனியாக வைக்க வேண்டும் என்பதையும் நோட்டுதான் எனக்கு நினைவூட்டுகிறது.

தொழில் தொடங்கிய புதிதில் 2,000 நோட்டீஸ் அடித்தேன். சின்ன எழுத்துக்கும் அச்சின் நான்கு நிற மையும் கலந்த கறுப்பைக் கொடுத்திருந்தேன். அச்சில் நிறங்கள் முடியளவு விலகியதும் எழுத்துக்கு நிழல் விழுந்து, முகவரியே படிக்க முடியவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. மெஷினில் நின்ற பெரியவர் பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டு, “சின்ன எழுத்துக்கு ஒத்தக் கறுப்பு போடு தம்பி” என்றார். என் முதல் நோட்டின் முதல் வரி அதுதான்.

புராஜெக்ட் ஓடாத நாட்களில் என்ன எழுதுவது என்றால், பார்த்ததை எழுதுங்கள். வேலூர் அதற்கு நல்ல ஊர். ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை இடம் இன்றைக்கு சிஎம்சி என்ற பெரிய மருத்துவமனையாக இருக்கிறது. அதைச் சுற்றி காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் அரை மணி நேரம் நடந்து பாருங்கள். லாட்ஜ், மருந்துக்கடை, சாப்பாட்டுக் கடைப் பலகைகளில் தமிழும் இங்கிலீஷும் இந்தியும் வங்காளமும் சேர்ந்து நிற்கும். வங்காள எழுத்தும் இந்தி எழுத்தும் மேல்கோட்டிலிருந்து தொங்குகின்றன. தமிழுக்கு மேல்கோடு கிடையாது, மேலே ‘கி’, ‘கீ’யில் போல விசிறி வரும், கீழே சுழி இறங்கும். எல்லாவற்றுக்கும் ஒரே இடைவெளி கொடுத்தால் எது நெருக்கியடிக்கிறது? எந்த மொழியை எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள், அங்கே நிற்கிறவர்களில் அதை முதலில் தேடுவது யார்? ராத்திரி ரயிலில் வந்து இறங்கி, ஒரு கையில் ஃபைலும் மறுகையில் நோயாளியுமாக நிற்கிற குடும்பத்தின் கண்ணால் அந்தப் பலகையைப் படித்துப் பாருங்கள். நான் கல்லூரியில் படித்த எழுத்தமைப்புப் பாடம் அந்தத் தெருவில்தான் எனக்குப் புரிந்தது. ஒரு வேண்டுகோள்: அங்கே நோயாளிகள் முகம் விழும்படி படம் எடுக்காதீர்கள். பலகையை மட்டும் எடுங்கள், அல்லது நின்று வரைந்துகொள்ளுங்கள்.

லாங் பஜார் பக்கம் போனால் பழைய பலகைகளைத் தேடுங்கள். ‘நிலையம்’ என்பதில் யானைத் துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’ எங்காவது கண்ணில் படலாம். எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978-ல். அதற்கு முன்னால் எழுதியதா, பிறகும் பழக்கத்தில் எழுதியதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். உங்கள் போஸ்டரில் ஒரு பழைய வாசனை வேண்டுமென்றால் இந்த மாதிரி எழுத்திலிருந்து எதை எடுக்கலாம், எதை எடுத்தால் இன்றைய பிள்ளைகளுக்குப் படிக்க வராது என்று ஒரு பக்கம் எழுதலாம்.

வலது பக்கம் ஓரத்தைக் காலியாக விடச் சொன்னேன் அல்லவா. புராஜெக்ட் முடிந்து பதினைந்து நாள் கழித்து, வேறு நிற மையில் அங்கே எழுதுங்கள். நான் பச்சை மை வைத்திருக்கிறேன். ‘இங்கே நான் அவசரப்பட்டேன்’, ‘இந்தப் பயம் வீண்’, ‘மேடம் சொன்னது இப்போதுதான் புரிகிறது’ என்பது போல. ஜர்னல் எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் இதைச் செய்வதில்லை. இதைச் செய்யாவிட்டால் எழுதியதில் பாதிப் பலன்தான். என் ஏழாவது நோட்டைப் பச்சை மையோடு படித்தபோதுதான் தெரிந்தது, மேட்டரை முழுக்கப் படிப்பதற்கு முன்னாலேயே நிறத்தைத் தேர்ந்தெடுத்துவிடுகிறேன் என்பது. ஒரு வேலையில் இல்லை, பதினொரு வேலையில். யாரும் அதை எனக்குச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் அவர்கள் பார்த்தது முடிந்த டிசைனை மட்டும்.

சரி, மூன்று வாரத்தில் ரிவ்யூ, நான்கு வாரம் காலி. பழைய தேதி போட்டு நிரப்பாதீர்கள். அது பொய் என்பது ஒரு பக்கம், படிக்கிறவருக்கு அது தெரியவும் செய்யும். எல்லாப் பக்கமும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதிய மாதிரி இருக்கும். அதற்குப் பதிலாக இன்றைய தேதியைப் போட்டு, “முதல் நான்கு வாரம் எழுதவில்லை, இப்போது திரும்பிப் பார்க்கிறேன்” என்று நேராகத் தொடங்குங்கள். கணினியில் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறங்கள், எந்தத் தேதியில் சேமித்தது என்று அதிலேயே இருக்கும். ஒவ்வொன்றையும் சின்னதாகப் பிரின்ட் எடுத்து இடது பக்கத்தில் வரிசையாக ஒட்டுங்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் எது மாறியிருக்கிறது, ஞாபகம் வருகிற காரணம் எது, ஞாபகம் வராதது எது என்று எழுதுங்கள். ‘ஏன் மாற்றினேன் என்று தெரியவில்லை’ என்று எழுத வேண்டி வந்தால் அதையும் எழுதுங்கள். கைபேசியில் தோழிகளோடு, மேடத்தோடு பேசிய செய்திகளையும் பாருங்கள், மறந்துபோன காரணங்கள் அங்கே கிடைக்கும்.

அந்த நான்கு ரஃப் இன்னும் கையில் இருக்கிறதா? கசக்கிப் போட்டிருந்தாலும் தேடி எடுத்து நீவி ஒட்டுங்கள். இல்லையென்றால் ஞாபகத்திலிருந்து மறுபடி வரைந்து, ‘இது மறுபடி வரைந்தது’ என்று கீழே எழுதுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவற்றைப் பாட்டியிடம் காட்டி, அம்மனைச் சின்னதாகப் போடலாமா என்று கேளுங்கள். அவர் சொல்கிற வார்த்தையை மாற்றாமல் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்